வளரும் நகரங்கள் செய்யும் தவறுகள்: எவற்றைத் திருத்தலாம், எவற்றைத் திருத்தவே முடியாது

ஒரு நகரம் வேகமாக வளரும்போது தவறுகள் நடக்கத்தான் செய்யும். ஆனால் எல்லாத் தவறுகளும் ஒன்றுபோல இல்லை. பேருந்துத் தடத்தைத் தப்பாகப் போட்டால் அடுத்த மாதமே மாற்றிவிடலாம். தப்பான இடத்தில் எழுந்த அடுக்குமாடி ஐம்பது, அறுபது வருடம் நிற்கும். தெருவின் கோடு அதைவிடவும் நீண்ட காலம் அப்படியே கிடக்கும். நிலத்தடி நீரை உறிஞ்சியதால் அமுங்கிய மண்ணோ மறுபடி பழைய மட்டத்துக்கு எழும்புவதே இல்லை.

நீடித்த நகர வளர்ச்சி என்று பேச்செடுத்தாலே சூரிய மின்தகடு, மின்சாரப் பேருந்து, சென்சார் வைத்த தெருவிளக்கு என்று போய்விடுகிறோம். இவையெல்லாம் தேவைதான். ஆனால் பத்து வருடம் கழித்துக்கூட இவற்றைச் சேர்த்துக்கொள்ள முடியும். நகரம் விரியும் அந்தச் சில வருடங்களில் மட்டுமே தவிர்க்க முடிகிற தவறுகள் இருக்கின்றன. அவற்றைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

தண்ணீரின் இடத்தில் மனை பிரிப்பது

மழைநீர் எங்கே தேங்கும், எந்த வழியாக வடியும் என்பதை நிலத்தின் மேடு பள்ளம்தான் தீர்மானிக்கிறது. சதுப்பு நிலமும் ஆற்றோரத் தாழ்நிலமும் சில வருடம் மழை குறைந்தால் வெறும் காலி இடமாகத் தெரியும். விலையும் குறைவு. அதனால் நகரம் விரியும்போது முதலில் கைவைக்கப்படுவது அங்கேதான்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தை வெள்ளத்திலிருந்து காக்க 1940களில் ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு நீர்த்தேக்கங்கள் கட்டி முடிக்கப்பட்டன. பெருமழைக்கு மட்டும் நிரம்பும் தேக்கங்கள் அவை. மற்ற நாட்களில் காய்ந்து கிடக்கும். தண்ணீர் உச்ச அளவுக்கு ஏறினால் மூழ்கக்கூடிய நிலம் முழுவதையும் அரசு வாங்கவில்லை. வாங்காமல் விட்ட ஓரங்களில் பின்னாளில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தன. சில மனைப்பிரிவு வரைபடங்களில், இந்த இடத்தில் தண்ணீர் தேக்கப்படலாம் என்று ஒரு குறிப்புகூட இருந்தது. வீடு வாங்கும்போது அதை யார் தேடிப் படிக்கிறார்கள்? 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது தேக்கம் அதன் வேலையைச் சரியாகவே செய்தது. அந்த வீடுகள் மூழ்கின.

பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1970களில் எதிர்த் திசையில் போனது. ஆற்றைக் கான்கிரீட் வாய்க்காலாக மாற்றாமல், வெள்ளம் ஏறும் நிலத்தைப் பூங்காவாக ஒதுக்கியது. 1972இல் உருவான பரிகி பூங்கா அப்படி வந்ததுதான். மழைக்காலத்தில் அங்குள்ள ஏரி பெருகினால் பூங்காவின் ஒரு பகுதி நனையும், அப்புறம் வடியும். யாருடைய வீட்டுக்குள்ளும் தண்ணீர் போகாது.

தாழ்வான இடத்தில் வீடுகளைக் கட்டிவிட்டு, அப்புறம் மழைநீர் வடிகால் போட்டால் சரியாகிவிடும் என்று நம்புவது இதோடு ஒட்டிவரும் இன்னொரு தவறு. வடிகால் தண்ணீரை அழிப்பதில்லை. அடுத்த தாழ்வான இடத்துக்கு வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்வளவுதான். அது போய்ச் சேரும் ஆறே கரை தொட்டு ஓடினால், வாய்க்காலுக்குள் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வரும். 2011 ஜூலையில் கோபன்ஹேகனில் இரண்டு மணி நேரத்தில் சுமார் 150 மி.மீ. மழை கொட்டியது. அடுத்த வருடம் அந்த நகரம் போட்ட திட்டம் குழாய்களைப் பெரிதாக்குவதை மட்டும் நம்பவில்லை. பூங்காக்களும் சில தெருக்களும் மழைநீரைச் சில மணி நேரம் தாங்கிக்கொள்ளும்படி மாற்றியமைப்பது என்று முடிவானது.

மண்ணுக்கு அடியிலும் இதே கதைதான். டோக்கியோவில் தொழிற்சாலைகள் நிலத்தடி நீரை உறிஞ்சியதால் கிழக்குப் பகுதியில் சில இடங்கள் 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தன. 1950, 60களில் சட்டங்கள் கொண்டுவந்து, மாற்று நீரும் கொடுத்து உறிஞ்சுவதைக் கட்டுப்படுத்தினார்கள். 1970களில் தாழ்வது பெரும்பாலும் நின்றது. தாழ்ந்த நிலம் இன்றும் கடல் மட்டத்துக்குக் கீழேதான் இருக்கிறது. தடுப்புச் சுவர்களும் பம்புகளும் அதைக் காக்கின்றன. ஜகார்த்தாவில் குழாய் நீர் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேராததால் மக்கள் ஆழ்துளைக் கிணற்றை விட முடியவில்லை, நிலம் தொடர்ந்து அமுங்குகிறது. 2019இல் தலைநகரையே மாற்றப்போவதாக இந்தோனேசியா அறிவித்ததற்கு இதுவும் ஒரு காரணம். குழாய் நீர் கொடுக்காமல் கிணற்றுக்குத் தடை மட்டும் போட்டால் அது காகிதத்தில்தான் இருக்கும்.

தெருவுக்கு இடம் விடாமல் விட்டுவிடுவது

1811இல் நியூயார்க்கின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. மன்ஹாட்டன் தீவின் தென்முனையில்தான் நகரம் இருந்தது. அப்போதே 155ஆம் தெரு வரைக்கும் கோடு போட்டுவிட்டார்கள். வயலும் பாறையுமாகக் கிடந்த இடத்தில் தெருவுக்கான நிலம் முன்கூட்டியே குறிக்கப்பட்டது. பின்னால் வந்த டிராம், சுரங்க ரயில், குடிநீர்க் குழாய் எல்லாம் அந்தக் கோடுகளுக்குள் அடங்கின.

ஆனால் அதே வரைபடத்தில் பெரிய பூங்கா ஒன்றும் இல்லை. தவறு புரிந்தபோது 1853 ஆகிவிட்டது. சென்ட்ரல் பார்க்குக்காக விலை ஏறிய நிலத்தைக் கையகப்படுத்த வேண்டியதாயிற்று. சுதந்திரக் கறுப்பின மக்கள் வீடு கட்டி வாழ்ந்த செனெகா வில்லேஜ் என்ற குடியிருப்பும் அதில் காலியாக்கப்பட்டது. காலி இடமாக இருக்கும்போது ஒதுக்காத பூங்காவுக்கு, பின்னால் யாரோ சிலர் தங்கள் வீட்டை இழக்க நேர்கிறது.

இப்போது விரியும் நகரங்களின் ஓரங்களில் நடப்பது வேறு. ஒவ்வொரு லேஅவுட்டும் தனக்குள் நாலு தெரு போட்டுக்கொண்டு, பிரதான சாலைக்கு ஒரே ஒரு வாசல் வைக்கிறது. பக்கத்து லேஅவுட்டுக்குப் போக வழியில்லை. பின்சுவரை ஒட்டியே இருக்கும் இரண்டு வீடுகளுக்கு நடுவே தெரு வழியாகப் போனால் இரண்டு கிலோமீட்டர் இருக்கும். இங்கே யாரும் நடந்து போகப்போவதில்லை. பால் வாங்கக்கூட வண்டி எடுக்க வேண்டும், எல்லா வண்டியும் அந்த ஒரே சாலையில் வந்து சேரும். நகரப் பரப்பில் குறைந்தது 30 சதவீதம் தெருக்களுக்கு வேண்டும் என்பது ஐ.நா. வாழ்விட அமைப்பின் பரிந்துரை. அந்த அளவு கிடைத்தாலும் தெருக்கள் ஒன்றோடொன்று இணையாவிட்டால் பலன் பாதிதான்.

நெரிசலுக்குச் சாலையை அகலமாக்குவது

இந்தத் தவறை ஆசையாகச் செய்கிறோம். மேம்பாலமும் அகலச் சாலையும் கண்ணுக்குத் தெரியும், திறப்பு விழா நடத்தலாம், முதல் வருடம் வண்டிகள் உண்மையிலேயே வேகமாகவும் ஓடும். அதுவரை பயணத்தைத் தள்ளிப்போட்டவர்கள், பேருந்தில் போனவர்கள், இன்னும் தூரத்தில் வீடு வாங்க யோசித்தவர்கள் அப்புறம்தான் அந்தச் சாலைக்கு வருகிறார்கள். ஹூஸ்டனின் கேட்டி நெடுஞ்சாலை 2008இல் விரிவாக்கி முடிக்கப்பட்டது. பக்கச் சாலைகளையும் சேர்த்து எண்ணினால் சில இடங்களில் 26 தடங்கள். சில வருடங்களிலேயே உச்ச நேரப் பயணம் மறுபடி நீண்டது. இது ஒரு ஊரின் துரதிர்ஷ்டம் இல்லை. அமெரிக்க நகரங்களின் தரவுகளை ஆராய்ந்து டுராண்டன், டர்னர் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 2011இல் வெளியிட்ட கட்டுரையும் இதையே சொன்னது: நெடுஞ்சாலைத் தடம் எவ்வளவு கூடுகிறதோ, வண்டி ஓட்டமும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் கூடுகிறது.

கணக்கு எளிது. சுமார் 3 மீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தில், நகரச் சாலையில், கார்கள் மணிக்கு 600 முதல் 1,600 பேரைக் கொண்டுபோகும். அதே தடத்தைப் பேருந்துக்கென்று ஒதுக்கி, அடுத்தடுத்து பேருந்து விட்டால் 4,000 முதல் 8,000 பேர் போகலாம். அப்படியிருக்க, சாலையை விரிக்க முதலில் வெட்டப்படுவது நடைபாதை. பேருந்தில் போகிறவர் நிறுத்தம் வரைக்கும் நடந்துதானே வர வேண்டும்?

ஸ்டாக்ஹோம் 2006இல் நகர மையத்துக்குள் வரும் வண்டிகளுக்குக் கட்டணம் வைத்துச் சோதித்துப் பார்த்தது. எல்லையைத் தாண்டும் போக்குவரத்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. முதலில் எதிர்த்த மக்களே பின்னர் வாக்கெடுப்பில் ஒப்புக்கொண்டார்கள், 2007 முதல் கட்டணம் நிரந்தரமானது. ஆனால் மாற்றாக நல்ல பேருந்தும் ரயிலும் இல்லாத நகரத்தில் இதை அப்படியே காப்பியடித்தால் ஏழைகள் தலையில்தான் விழும்.

வீட்டை எண்ணிக்கையாக மட்டும் பார்ப்பது

இத்தனை லட்சம் வீடு கட்டினோம் என்ற கணக்கு ஒரு நகரத்தைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லும். மெக்சிகோவில் 2000களில் வீட்டுக் கடன் தாராளமாகக் கிடைத்தபோது, நிலம் மலிவாக இருந்த புறநகர்களில் ஒரே மாதிரியான வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. வேலை ஒரு பக்கம், வீடு இன்னொரு பக்கம். பேருந்துச் செலவே சம்பளத்தைத் தின்றது. 2010 கணக்கெடுப்பில் அந்த நாட்டில் ஏறத்தாழ 50 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. எல்லாமே இந்தத் திட்டங்களைச் சேர்ந்தவை இல்லை என்றாலும், இப்படிக் கைவிடப்பட்ட குடியிருப்புகள் அதில் நிறைய.

குடிசைப் பகுதி மக்களை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே இறக்குவதும் இதே தவறின் கொடிய வடிவம். வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணுக்குக் காலை ஆறு மணிக்கு நடந்து போகும் தூரத்தில் வேலை இருந்தது; புது வீட்டிலிருந்து அவள் எப்போது கிளம்புவாள்? பிள்ளையின் பள்ளிக்கூடம் என்ன ஆகும்? ஜகார்த்தா 1969இல் தொடங்கிய கம்போங் (நகருக்குள் இருக்கும் நெரிசலான எளிய குடியிருப்பு) மேம்பாட்டுத் திட்டம் மக்களை அங்கேயே இருக்கவிட்டு, நடைபாதை, வடிகால், குடிநீர், கழிப்பிடம் என்று அந்தப் பகுதிக்குள் கொண்டுவந்தது. கொலம்பியாவின் மெதெயின் நகரம் 2004இல் மலைச்சரிவிலிருந்த ஏழைக் குடியிருப்புகளுக்கு கேபிள் கார் விட்டு, நேரே மெட்ரோவோடு இணைத்தது. இடம்பெயர்ப்பதைவிட இந்த வழிகள் மனிதத்தன்மை உள்ளவை. பல நேரங்களில் செலவும் குறைவு.

பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காதது

மரம் நடுகிறார்கள், புகைப்படம் எடுக்கிறார்கள், மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. தப்பிப் பிழைத்த மரத்தையும் அடிமரம் வரைக்கும் சிமெண்ட் பூசி மூடிவிடுகிறார்கள். வேருக்கு நீரும் காற்றும் போகாமல் நல்ல மரமும் அடுத்த புயலில் சாய்கிறது.

தார்ச் சாலையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே புதுத் தார் போட்டால், ஒவ்வொரு முறையும் சில சென்டிமீட்டர் மேடு ஏறும். நாலைந்து முறைக்குப் பிறகு வாசல்படி தெருவுக்குக் கீழே போய்விடுகிறது. மழைநீர் வடிகாலுக்குப் போவதற்கு முன்னால் வீட்டுக்குள் வருகிறது. உடனே வீட்டுக்காரர் தரையை உயர்த்துகிறார். பக்கத்து வீட்டில் தண்ணீர் நிற்கிறது. ஒப்பந்தத்தில் "சுரண்டிய பிறகே புதுத் தளம், சாலை மட்டம் மாறக்கூடாது" என்று ஒரு வரி சேர்த்து, அதை அளந்து பார்க்கவும் ஒருவரை வைத்தால் தடுத்துவிடலாம்.

எந்த நிலம் எதற்கு என்று வண்ணம் தீட்டிக் காட்டும் நகரின் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவு வெளியாகும்போது பல நாடுகளில் பொதுமக்கள் ஆட்சேபம் சொல்லக் குறிப்பிட்ட காலம் கொடுப்பார்கள். பெரும்பாலானவர்கள் தங்கள் மனை எந்த நிறத்தில் வந்திருக்கிறது என்று பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறோம். அந்த நேரத்தில் கேட்க வேண்டியவை வேறு: நில மட்ட வரைபடம் இணைக்கப்பட்டிருக்கிறதா? புதிய குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிநீர் எங்கிருந்து வரும்? இன்னும் கட்டப்படாத இடங்களில் தெருக்களும் பூங்காக்களும் சர்வே எண்ணோடு குறிக்கப்பட்டிருக்கின்றனவா? இவற்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து, கையெழுத்துப் போட்ட நகலை வாங்கி வையுங்கள்.