ஐசி கொப்பியை எப்படிக் கொடுப்பது

சண்டைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஐசி, அதாவது தேசிய அடையாள அட்டை, இல்லாமல் படலை தாண்ட முடியாது. அந்தப் பழக்கமோ என்னவோ, இன்றும் யார் கேட்டாலும் இரண்டு பக்கக் கொப்பியை மறுபேச்சில்லாமல் நீட்டுகிறோம். கைரேகையோடு டிஜிட்டல் அட்டை வரலாமா என்ற வாதம் ஒருபக்கம் நடக்கட்டும். கையிலிருக்கும் அட்டையே என்னவெல்லாம் சொல்கிறதென்று பாருங்கள்.

பழைய இலக்கம் 85572 என்று தொடங்கினால், 85 பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று இலக்கமும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 572இல் 500 போக 72. பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகவே எண்ண வேண்டும். 28 என்று எண்ணினால் ஒரு நாள் பிழைக்கும். ஆக, 1985 மார்ச் 12இல் பிறந்த பெண். 2016இல் வந்த 12 இலக்கத்திலும் ஆண்டு முழுதாக இருப்பதைத் தவிர இந்தக் கணக்கில் மாற்றமில்லை. பிறந்த திகதியை வங்கி அட்டையின் இரகசிய (PIN) இலக்கமாக வைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள்.

முதலில், கொப்பி தேவைதானா என்று கேளுங்கள். பல இடங்களில் அட்டையைக் காட்டி இலக்கத்தை எழுதவிட்டாலே போதும். தேவைக்கு மிஞ்சித் தரவு திரட்டக்கூடாதென்பது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கொள்கை. கவுண்டரில் நடப்பது வேறு.

கொடுத்தே ஆகவேண்டுமென்றால், நீலப் பேனையால் குறுக்காக இரண்டு கோடு இழுத்து, நடுவில் யாருக்கு, எதற்கு, என்ன திகதி என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். "சிம் பதிவுக்கு மட்டும்" என்பதுபோல. எழுத்து படத்தின் ஓரத்திலும் பெயரிலும் ஏறவேண்டும். இலக்கத்தை மறைத்தால் திருப்பித் தந்துவிடுவார்கள். வெறும் ஓரத்தில் எழுதினால் வெள்ளைத் தாளால் மூடி மறுபடி கொப்பி எடுக்கலாம். ஹைலைட்டரோ பென்சிலோ உதவாது, அடுத்த கொப்பியில் மங்கிவிடும்.

கொப்பி எடுக்கிற கடைதான் பெரிய ஓட்டை. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் அது கடைக் கணினியின் டவுன்லோட்ஸில் கிடக்கும். உங்கள் போனில் "எல்லோருக்கும் அழி" கொடுத்தாலும் அங்கே இறக்கிய படம் போகாது. பக்கத்தில் நின்று அழிப்பியுங்கள், ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து. பழுதாய் வந்த தாளைக் குப்பைக் கூடையில் விடாமல் கையோடு கொண்டுவாருங்கள். ஒன்லைனில் யாராவது படம் கேட்டால், கோடிட்டு எழுதிய கொப்பியைப் படமெடுத்து அனுப்புங்கள், அட்டையை அல்ல.