பிளாஸ்டிக் பையிலிருந்து குரோஷே நூல்

மெல்லிய பிளாஸ்டிக் பைகளைக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றாகச் சுருக்கமில்லாமல் விரித்து, நீளவாக்கில் நான்காக மடித்து, கைப்பிடியையும் அடியில் ஒட்டியிருக்கும் ஓரத்தையும் வெட்டி எடுத்துவிடுங்கள். மீதியைக் குறுக்கே 3 செ.மீ. அகலத்தில் வெட்டிக்கொண்டே போனால், பிரித்ததும் ஒவ்வொரு துண்டும் ஒரு வளையமாக இருக்கும். ஒரு வளையத்துக்குள் அடுத்ததை நுழைத்து, அதன் ஒரு முனையை மறுமுனைக்குள் விட்டு மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் முடிச்சுக்குப் பக்கத்திலேயே கிழிந்துவிடும். அப்புறம் பந்தாகச் சுற்றிக்கொள்ளலாம்.

குரோஷே பின்னும் கொக்கி ஊசி 6 முதல் 8 மி.மீ. தடிமன் வரை இருக்கட்டும். பின்னலைத் தளர்வாகவே போடுங்கள், பிளாஸ்டிக், கம்பளி நூல் மாதிரி நழுவாது, ஊசியோடு ஒட்டிக்கொண்டு கையை வலிக்கவைக்கும். முதல் வேலைக்கு சிங்கிள் குரோஷே என்ற அடிப்படைப் பின்னலில் ஒரு வட்ட விரிப்புதான் என் தேர்வு. தொட்டால் பொடியாகிற பழைய பைகள் மட்டும் வேண்டாம்.