கடல்வாசல் மேடும் பனியாறும்: கண்ணாடித் தொட்டியில் ஒரு ஃபியோர்டு செய்து பார்க்கலாம்

பனியாறு ஏன் உருகுகிறது என்று கேட்டால், "வெயில் கூடிப்போச்சு" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அது பாதி விடை. கிரீன்லாந்தில் பல பனியாறுகள் நேராகக் கடலுக்குள் இறங்கி முடிகின்றன. அவற்றுக்கு மேலே அடிக்கும் வெயிலைப் போலவே கீழே வந்து மோதும் கடல்நீரும் முக்கியம். அந்த நீர் பனியின் காலடி வரை வந்து சேருமா என்பது பெரும்பாலும் நடுவில் உள்ள பள்ளத்தாக்கின் தரை எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வீட்டுத் திண்ணையில் ஒரு மீன் தொட்டியை வைத்து இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். கொங்கு நாட்டில் நமக்குக் கடல் கிடையாது, ஆனாலும் இதற்கு வேண்டிய எல்லாமே ஈரோட்டிலோ கோபியிலோ ஒரே கடைவீதியில் கிடைத்துவிடும்.

முதலில் ஃபியோர்டு என்றால் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பனியுகங்களில் பெரும் பனியாறுகள் பாறையைச் செதுக்கி ஆழமான, செங்குத்தான சுவர் கொண்ட பள்ளத்தாக்குகளை உண்டாக்கின. பனி பின்வாங்கியதும் கடல் உள்ளே புகுந்தது. அதுதான் ஃபியோர்டு. நார்வேயின் சோங்னே ஃபியோர்டு 204 கி.மீ. நீளம், அதிகபட்சம் சுமார் 1,300 மீட்டர் ஆழம். இவ்வளவு ஆழமாக இருந்தாலும், கடலோடு சேரும் வாய்ப்பகுதியில் பல ஃபியோர்டுகளின் தரை மேலெழும்பி நிற்கும். பனியாறு தள்ளிக்கொண்டு வந்து போட்ட கல்லும் மண்ணுமோ, செதுக்கப்படாமல் மிஞ்சிய பாறையோ அங்கே மேடாக இருக்கும். இதைக் கடல்வாசல் மேடு என்று வைத்துக்கொள்வோம். இன்றைய செய்முறையின் நாயகனே இந்த மேடுதான்.

தேவையானவை

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள மீன் தொட்டி ஒன்று. டைல்ஸ் கடையில் மிச்சத் துண்டுகள் கிடக்கும். தொட்டியின் உள் அகலத்துக்குச் சரியாக இரண்டு பட்டைகள் வெட்டித் தரச் சொல்லுங்கள்: ஒன்று 4 செ.மீ. உயரம், மற்றொன்று 10 செ.மீ. உயரம். இடுக்கை அடைக்கப் பிள்ளைகள் விளையாடும் கிளே போதும். அப்புறம் இரண்டு ஓட்டத்துக்கும் சேர்த்து அரை கிலோ உப்பு, சிவப்பு, நீல உணவு வண்ணங்கள், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப் இரண்டு மீட்டர், மெடிக்கல் கடையில் ஒரு டிரிப்ஸ் செட் (ஊசியைக் கழற்றிவிடுங்கள்), காலியான ஒரு லிட்டர் ஜூஸ் அட்டைப்பெட்டிகள் ஆறு (ஓர் ஓட்டத்துக்கு மூன்று), சில கை ஜல்லி.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் வீடுகளில் நல்ல தண்ணிக்கு ஒரு குழாய், உப்புத் தண்ணிக்கு ஒரு குழாய் என்று இரண்டு இருக்கும். போர் தண்ணீரை நாம் "உப்பு" என்று சொன்னாலும், இந்தச் சோதனைக்கு அதுவும் நன்னீர்தான். குடிநீரில் லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் கரைந்த உப்புகள் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் கடைசி வரம்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் இருக்கிறது. அதனால் சிறுவாணித் தண்ணீரை வீணாக்காதீர்கள், போர் தண்ணீரே போதும்.

படி 1: முந்தின நாளே பனியாற்றை உறைய வையுங்கள்

பனிக்கட்டி மிதக்கும் என்பதுதான் இதில் சிக்கல். நமக்கு வேண்டியது தரையில் ஊன்றி நிற்கும் பனிச்சுவர். அதற்கு, ஜூஸ் பெட்டியின் அகலமான ஒரு பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, பெட்டியைப் படுக்க வையுங்கள். அடியில் ஜல்லியைப் பரப்பி, மேலே தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். உறைந்தபின் அட்டையைக் கிழித்து நிமிர்த்தினால், முதுகுப் பக்கம் கல்லும் முகப்பில் சுத்தமான பனியுமாக ஒரு சாண் உயரத்துக்குச் சுவர் கிடைக்கும். ஆறு பெட்டியிலும் இப்படியே செய்யுங்கள், மூன்று இரண்டாவது ஓட்டத்துக்கு ஃப்ரீசரிலேயே இருக்கட்டும். மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் தொட்டியின் அகலம் ஏறக்குறைய நிறைந்துவிடும்.

படி 2: ஒரு டம்ளர் சோதனை

தொட்டிக்குப் போகும் முன் இதைச் செய்யாமல் விடாதீர்கள். இதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டும்போதெல்லாம் "ஏனுங்க, சுடு தண்ணி மேலதானுங்க வரோணும்? அடியில எப்படிப் போகும்?" என்ற கேள்வி வராமல் இருக்காது. நியாயமான கேள்வி.

ஒரு கண்ணாடி டம்ளரில் பாதியளவு சில்லென்ற தண்ணீர் எடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் சிவப்பு கலந்து, டியூப் வழியாக மெதுவாக டம்ளரின் அடியில் விடுங்கள். அது மேலேறி மிதக்கும். அடுத்து, அதே வெதுவெதுப்பான சிவப்பு நீரில் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் உப்பைக் கரைத்து, வேறு டம்ளரில் அதேபோல் விடுங்கள். இப்போது அது அடியிலேயே படுத்துக்கொள்ளும். சூடு தண்ணீரை லேசாக்குகிறது, உப்பு கனமாக்குகிறது. இரண்டும் மோதும்போது இங்கே உப்பு ஜெயிக்கிறது.

துருவக் கடலில் இது இன்னும் அழுத்தமாக நடக்கும். உறைநிலைக்குப் பக்கத்தில் உள்ள நீரில் வெப்பம் ஓரிரு பாகை மாறினால் அடர்த்தி அதிகம் மாறாது, உப்புதான் எது மேலே எது கீழே என்று தீர்மானிக்கும். அதனால்தான் கிரீன்லாந்தைச் சுற்றி ஆர்க்டிக்கிலிருந்து வரும் குளிர்ந்த, உப்புக் குறைந்த நீர் மேலே இருக்கிறது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெப்பமான, உப்பு மிகுந்த நீர் அதற்கு அடியில் இருக்கிறது. மேலிருந்து பார்ப்பவருக்கு அந்த வெப்பம் தெரியவே தெரியாது.

படி 3: தொட்டியைத் தயார் செய்தல்

தண்ணீரோடு தொட்டி 30 கிலோவைத் தாண்டிவிடும். ஸ்டூல் மேல் வைக்க வேண்டாம், சமதளமான தரையோ திண்ணையோ நல்லது. பின்புறம் வெள்ளைச் சார்ட் ஒன்றை ஒட்டினால் நிறங்கள் தெளிவாகத் தெரியும்.

முதல் ஓட்டத்துக்கு 4 செ.மீ. டைல்ஸ் பட்டையைத் தொட்டியின் நட்டநடுவில் குறுக்கே நிறுத்தி, அடியிலும் இருபுறமும் கிளே வைத்து அடையுங்கள். இடது பாதி கடல், வலது பாதி ஃபியோர்டு. சில்லென்ற தண்ணீரை 12 செ.மீ. உயரத்துக்கு நிரப்புங்கள். கல் உள்ள முதுகு கண்ணாடியைப் பார்க்குமாறு வலது ஓரத்தில் பனிச்சுவரை நிறுத்துங்கள்.

படி 4: வெப்பமான கடல்நீரை உள்ளே விடுதல்

ஒரு வாளியில் 7 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், 245 கிராம் உப்பு, நன்றாகத் தெரியும் அளவுக்குச் சிவப்பு. சித்திரை மாதமென்றால் அடுப்பே வேண்டாம், மேல்தொட்டித் தண்ணீரே போதும். வாளியை உயரத்தில் வைத்து, டியூபின் ஒரு முனையை அதிலும், மறுமுனையைக் கடல் பாதியின் தரையிலும் வைத்து உறிஞ்சிவிடுங்கள். தரையில் உள்ள முனையில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைக் கட்டினால் நீர் சீறாது. அவசரப்படாமல் கால் மணி நேரமாவது எடுத்துக்கொள்ளுங்கள். வேகமாக விட்டால் எல்லாம் கலந்து இளஞ்சிவப்பாகி, பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

சிவப்பு நீர் முதலில் கடல் பாதியின் அடியில் தேங்கி, மட்டம் ஏறும். கொடிவேரியில் பவானித் தண்ணீர் அணைக்கட்டின் விளிம்பைத் தொட்ட பிறகுதான் வழிந்து விழுகிறதல்லவா, இங்கேயும் அதே கதைதான். சிவப்பு 4 செ.மீ.-ஐத் தொட்டதும் மேட்டைத் தாண்டி, மறுபுறம் சரிந்து, ஃபியோர்டின் தரையோடு தரையாக ஓடிப் பனியின் காலில் மோதும். மேலே உள்ள தண்ணீர் அப்போதும் தெளிவாகவே இருக்கும். இந்தக் காட்சியைக் கொஞ்சம் நின்று பாருங்கள், ஏனென்றால் 1997-இல் மேற்குக் கிரீன்லாந்தில் நடந்தது இதுதான்.

அங்கே இலுலிசாட் ஃபியோர்டின் வாசல் மேடு சுமார் 250 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. உள்ளே ஃபியோர்டு சுமார் 800 மீட்டர் ஆழம். வெளியே டிஸ்கோ விரிகுடாவில் வெப்பமான அட்லாண்டிக் நீர் 1997-இல் பெருகி, மேட்டைத் தாண்டி உள்ளே புகுந்தது. அந்த ஃபியோர்டில் இறங்கும் யாக்கப்ஸ்ஹாவன் பனியாற்றின் மிதக்கும் முன்பகுதி மெலிந்து, சில ஆண்டுகளில் நொறுங்கிப்போனது. அது முட்டுக்கொடுத்து நின்ற வரை ஆண்டுக்கு 6 கி.மீ.க்கும் குறைவாக நகர்ந்த பனியாறு, 2003-இல் 12 கி.மீ.யைத் தாண்டி ஓடியது. பிறகு 2016 வாக்கில் விரிகுடா நீர் குளிர்ந்தபோது அதே பனியாறு வேகம் குறைந்து, முன்புறம் தடித்தது. காற்று அதற்குள் குளிர்ந்துவிடவில்லை, கீழே வந்த நீர்தான் மாறியிருந்தது.

அட்லாண்டிக் நீர் வெப்பம் என்றாலும் 3 பாகை செல்சியஸ் போலத்தான் இருக்கும், அது எப்படிப் பனியைக் கரைக்கும் என்று தோன்றலாம். உப்பு நீரில் பனி உருகும் நிலை பூச்சியத்துக்குக் கீழே சுமார் 1.8 பாகை. ஆழம் கூடக் கூட அழுத்தத்தால் அது இன்னும் இறங்கும், ஒரு கிலோமீட்டருக்கு முக்கால் பாகை போல. 600 மீட்டர் ஆழத்தில் நிற்கும் பனிக்கு 3 பாகை நீர் என்பது உருகுநிலையைவிட 5 பாகைக்கும் மேல் சூடு.

படி 5: பனிக்கு அடியிலிருந்து ஓடும் ஆறு

கோடையில் பனியாற்றின் மேற்பரப்பு உருகும் நீர் விரிசல்கள் வழியே அடிவரை இறங்கி, தரையோடு ஓடி, பனிச்சுவரின் காலடியில் கடலுக்குள் வெளிப்படும். அது நன்னீர், கடலைவிட லேசானது. அதனால் சுவரை ஒட்டியபடி வேகமாக மேலேறும்.

இதைச் செய்ய, ஒரு பாட்டில் குளிர்ந்த நன்னீரில் நீலம் கலந்து, மூடியில் ஓட்டை போட்டு டிரிப்ஸ் செட்டைச் செருகி, உயரத்தில் கவிழ்த்துத் தொங்கவிடுங்கள். பாட்டிலின் அடியிலும் ஒரு சின்ன ஓட்டை வேண்டும், இல்லையென்றால் காற்று புகாமல் நீர் இறங்காது. குழாய் முனையைப் பனிச்சுவரின் காலடியில் கிளே வைத்து ஒட்டுங்கள். டிரிப்ஸ் செட்டின் சக்கரத்தை மெல்லத் திறந்துவிடுங்கள்.

நீலம் புகைபோல் எழும். கூர்ந்து பாருங்கள்: அது தனியாக எழவில்லை, சுற்றியுள்ள சிவப்பையும் இழுத்துக்கொண்டு ஊதா நிறமாகிறது. உண்மையான ஃபியோர்டில் இந்த எழுநீர் தன்னைப்போல் பல மடங்கு கடல்நீரை இழுத்துக்கொள்ளும். வெப்ப நீர் இப்படி ஓயாமல் பனிமேல் தேய்ந்துகொண்டே போவதால்தான் உருகல் கூடுகிறது. இழுத்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து மேலும் வெப்ப நீர் அடியோடு உள்ளே வரும். ஆக, நிலத்தில் அடிக்கும் வெயில் கடலின் வெப்பத்தைப் பனியிடம் வரவழைக்கிறது. இந்தத் தொடர்பு புரிந்துவிட்டால் இந்தப் பாடத்தின் பெரும்பகுதி புரிந்த மாதிரி.

இன்னொன்றும் கவனியுங்கள். சக்கரத்தைக் குறைவாகத் திறந்தால் ஊதாப் புகை மேற்பரப்பு வரை வராது. சிவப்பும் தெளிநீரும் சந்திக்கும் இடத்திலேயே நின்று பக்கவாட்டில் விரியும். உப்பை இழுத்துக் கனமாகிவிட்டதால் மேலுள்ள நன்னீரைத் தாண்ட அதற்கு வலு இல்லை. வேகமாக விட்டால் மேலே வரை வரும். கிரீன்லாந்திலும் இரண்டும் உண்டு.

அப்படி மேலே வரும் இடங்களில் ஆழத்து ஊட்டச்சத்தும் சேர்ந்து வருவதால் நுண்பாசிகளும் மீனும் பெருகும் ஃபியோர்டுகள் இருக்கின்றன. ஆர்க்டிக்கில் நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு தீவுகளில் குரோனபிரீன் பனியாற்றின் முகப்பில் பழுப்பு நிறத்தில் எழும் நீரைச் சுற்றிக் கடற்பறவைகள் கூட்டமாக இரை தேடும். அந்தப் பனியாறு இறங்கும் காங்ஸ் ஃபியோர்டில் நமக்கும் ஓரிடம் உண்டு. கரையில் 2008-இல் திறந்த இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம், நீருக்குள் 2014-இல் நங்கூரமிட்ட இன்டார்க் என்ற கருவித் தொடர். அதை அமைத்ததில் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பெரிய பங்கு. அந்த ஃபியோர்டின் வாசலில் சொல்லிக்கொள்ளும்படி மேடு இல்லை, அட்லாண்டிக் நீர் தங்குதடையின்றி உள்ளே வர முடியும். நம்மூர்ப் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

படி 6: மேட்டை உயர்த்தி மறுபடியும்

அரை மணி நேரம் கழித்துப் பனிச்சுவரைப் பக்கவாட்டில் பாருங்கள். சிவப்பு நீர் தொட்ட உயரத்துக்கு அடிப்பகுதி குடைந்திருக்கும், மேல்பகுதி துருத்தி நிற்கும். கடலில் இப்படித் துருத்தும் பகுதிகள் உடைந்து பனிப்பாறைகளாக மிதந்து போவதுண்டு.

தொட்டியைக் காலி செய்து, 10 செ.மீ. பட்டையை வைத்து, புதிய பனிச்சுவரோடு அதே 7 லிட்டரை அதே வேகத்தில் விடுங்கள். இந்த முறை சிவப்பு 8 செ.மீ. அருகில் நின்றுவிடும். ஓரத்தில் கலந்து வெளுத்த கொஞ்சம் நீர் தாண்டலாம், பரவாயில்லை. அதே கடல், அதே சூடு, அதே பனி. ஆனால் காலடியில் குடைவு மிகக் குறைவு.

வடகிரீன்லாந்தில் ரைடர் என்ற பனியாறு இப்படித்தான் காக்கப்படுகிறது. அது இறங்கும் ஃபியோர்டின் தரையை 2019-இல் ஓடன் என்ற ஸ்வீடன் பனியுடைப்புக் கப்பல் அளந்தது. உள்ளே ஒரு மேடு வெப்ப நீரைப் பெருமளவு மறித்து நிற்பது அப்போதுதான் தெரிந்தது. அதன் அண்டையிலுள்ள பீட்டர்மன் பனியாற்றுக்கு அப்படியொரு காப்பு இல்லை. 2010-லும் 2012-லும் அதிலிருந்து பெரும் துண்டுகள் பிரிந்தன. கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் 7 மீட்டருக்கு மேல் ஏறும். அதில் எவ்வளவு, எவ்வளவு சீக்கிரம் என்று கணிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃபியோர்டின் தரையையும் அளந்தாக வேண்டும். நாசா 2015 முதல் சில ஆண்டுகள் கப்பலிலும் விமானத்திலும் கிரீன்லாந்தைச் சுற்றி அளந்தது இதற்காகத்தான்.

நம் தொட்டியில் காற்றும் ஓதமும் பூமிச் சுழற்சியும் இல்லை. தென்கிழக்குக் கிரீன்லாந்தின் செர்மிலிக் ஃபியோர்டில் கரையோரப் பலத்த காற்றே சில நாட்களில் நீரை உள்ளும் புறமும் மாற்றிவிடுகிறது. ஆர்வமுள்ளவர்கள் கடல் பாதியின் மேல் ஒரு டேபிள் ஃபேனை ஓடவிட்டு, சிவப்பு மட்டம் சாய்கிறதா என்று பார்க்கலாம். ஃபேனும் வயரும் தண்ணீரிலிருந்து தள்ளியே இருக்கட்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் இந்த உப்புத் தண்ணீரைத் தென்னைக்கோ மஞ்சள் பாத்திக்கோ வாழைக்கோ ஊற்றிவிடாதீர்கள், மண் கெட்டுவிடும். சாக்கடையில் விட்டு, கூடவே நான்கு வாளி போர் தண்ணீரையும் ஊற்றிவிடுங்கள்.