மனச்சோர்வில் பணத்துக்கும் பதவிக்கும் உள்ள பங்கைக் கண்டறிவது எப்படி?

மனம் பல நாட்களாக வாடிக் கிடக்கும்போது, நம்மில் பலர் நம் குணத்தையே நொந்துகொள்கிறோம். அதற்கு முன், ஒரு சிறிய நோட்டை எடுத்து, இரண்டு வாரங்களுக்குத் தினமும் இரவில் இரண்டே வரி எழுதுங்கள். தூக்கம் கெட்டதையோ, வீட்டில் யார் மீதாவது எரிந்து விழுந்ததையோ ஒரு வரியிலும், அன்று நடந்ததை அடுத்த வரியிலும் குறியுங்கள். கடன் தவணை, மேலதிகாரியின் பேச்சு, வசதியான உறவினரின் வருகை என எது அடிக்கடி வருகிறதோ, அதிலிருந்து தொடங்க வேண்டும்.

தவணைத் தேதிகளே மிகுந்திருந்தால், சிக்கல் பற்றாக்குறையில் இருக்கிறது. கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்து 2013இல் வெளியான ஆய்வில், கையில் பணமில்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் அதே மனிதர்களின் சிந்தனைத் திறன் குறைந்திருந்தது. ஏழைக்குப் புத்தி போதாது என்று பேசுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆகவே, பெரிய முடிவுகளை மாதக் கடைசியில் எடுக்காதீர்கள். தவணைத் தேதியைச் சம்பளம் வந்த மறுநாளுக்கு மாற்றித் தருமாறு கடன் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

வேலையிடமே திரும்பத் திரும்ப வந்தால், சம்பளத்தைவிட, வேலை உங்கள் கைப்பிடியில் இருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். பிரிட்டிஷ் அரசு ஊழியர்களிடம் 1967இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வில், வறுமை என்று சொல்ல முடியாதவர்களிடையேகூட, பதவி இறங்க இறங்க இதயநோய் இறப்பு கூடியது. 1985இல் தொடங்கிய அதன் இரண்டாம் கட்டம், தம் வேலையைத் தாமே தீர்மானிக்க இயலாதவர்களுக்கு அந்நோய் அதிகம் வருவதைக் காட்டியது. எந்த வேலையை முதலில் முடிப்பது என்பதையாவது நீங்களே தீர்மானிக்க அனுமதி கேட்டுப் பாருங்கள்.

ஒப்பீடுதான் வாட்டுகிறது என்றால், உளவியலாளர் நான்சி ஆட்லர் பயன்படுத்திய பத்துப் படி ஏணியைத் தாளில் இரண்டாக வரையுங்கள். ஒன்றில் பணம், படிப்பு, வேலை ஆகியவற்றின்படியும், மற்றொன்றில் உங்களை நன்கறிந்தவர்கள் தரும் மதிப்பின்படியும் உங்கள் இடத்தைக் குறியுங்கள். நெருங்கிய வட்டத்தில் கிடைக்கும் மதிப்பு, வருமானத்தைவிட மனநிறைவோடு வலுவாகத் தொடர்புடையது என 2012இல் வெளியான ஆய்வு கண்டது. எனவே, முதல் ஏணியில் ஏறக் காத்திருக்காமல், உங்களை மதிக்கும் அந்தச் சிலருடன் செலவிடும் நேரத்தைக் கூட்டுங்கள்.

இரண்டு வாரம் கடந்தும் சோர்வு விலகாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே போங்கள். நோட்டையும் உடன் எடுத்துச் சென்று காட்டுங்கள்.