டாஸ்க் மேனேஜரில் எதை நிறுத்தலாம், எதில் கை வைக்கக்கூடாது

குரோமில் ஒரே ஒரு ஜன்னல்தான் திறந்திருக்கும், இப்போது எதெல்லாம் ஓடுகிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் குரோம் என்ற பெயரே பத்துப் பதினைந்து வரிக்கு நிற்கும், வைரஸ்தான் புகுந்துவிட்டது என்று பதறுவோம். பதற வேண்டாம். அப்ளிகேஷன் வேறு, பிராசஸ் வேறு.

அப்ளிகேஷன் என்பது நீங்கள் இன்ஸ்டால் செய்து வைத்திருப்பது. திறக்காதவரை டிஸ்க்கில் சும்மா கிடக்கும். திறந்ததும் விண்டோஸ் அதற்கு ரேமில் இடம் ஒதுக்கி, பிஐடி என்று ஒரு எண்ணும் கொடுத்து ஓடவிடுகிறதே, அந்த ஓட்டத்துக்குப் பெயர்தான் பிராசஸ். ஒரு அப்ளிகேஷனுக்குப் பல பிராசஸ் இருக்கலாம், ஜன்னலே இல்லாத பிராசஸும் உண்டு. வேர்டை மூடிய பிறகும் பிரிண்டர் தாளைத் தள்ளிக்கொண்டே இருக்கிறதல்லவா, அது பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும், பின்னால் ஓடும் ஸ்பூலரின் வேலை.

சரி, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 7 வரை அப்ளிகேஷன், பிராசஸ் இரண்டுக்கும் அதில் தனித்தனி டேப் இருந்தது, 8-இல் ஒன்றாக்கிவிட்டார்கள், குழப்பமே அதில்தான். மேலே 'ஆப்ஸ்', கீழே 'பேக்ரவுண்ட் பிராசஸஸ்' என்று பிரித்திருக்கும். குரோமுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன அம்புக்குறியைத் தட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் விரியும். ஒரு டேப் செத்தால் மற்றவையும் சேர்ந்து போகக்கூடாது என்று 2008-இல் வந்த நாளிலிருந்தே குரோம் இப்படித்தான் பிரித்து ஓடுகிறது. எந்த டேப் மெமரியைத் தின்கிறது என்று பார்க்க குரோமுக்குள்ளேயே ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்துங்கள், அதற்கென்று தனி டாஸ்க் மேனேஜர் வரும், அந்த ஒன்றை மட்டும் நிறுத்தினால் போதும்.

டாஸ்க்பார் உறைந்துவிட்டால் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்ய ஓடாதீர்கள், பட்டியலில் 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' மேல் ரைட் கிளிக் செய்து 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். ஒரு நொடி திரை வெறிச்சோடி, அப்புறம் எல்லாம் திரும்பி வரும்.

பெருக்கல் குறியைத் தட்டி மூடினால் 'சேவ் செய்யட்டுமா' என்று கேட்கும், டாஸ்க் மேனேஜரில் நிறுத்தும் 'எண்ட் டாஸ்க்' பெரும்பாலும் கேட்காது. ஒரு மாதக் கணக்கு போட்டு வைத்திருந்த எக்ஸெல் ஷீட்டை நான் அப்படித்தான் தொலைத்தேன்.

'சர்வீஸ் ஹோஸ்ட்' நிறைய இருந்தால் அது விண்டோஸ் தன் சர்வீஸ்களை, அதாவது ஜன்னல் இல்லாமல் பின்னால் நடக்கும் வேலைகளை, ஓட்டும் வண்டி, விட்டுவிடுங்கள். பட்டியலில் 'கிளையன்ட் சர்வர் ரன்டைம் பிராசஸ்' என்று இருக்கும் சிஎஸ்ஆர்எஸ்எஸ் பக்கம் போகவே வேண்டாம், நிறுத்தினால் நீலத் திரைதான். பெயர் புரியாத எதையும் நிறுத்துவதற்கு முன் ரைட் கிளிக், 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்': எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று பார்த்தாலே அது யாருடையது என்று பாதி தெரிந்துவிடும்.