முக்கொம்பு முதல் தஞ்சாவூர் வரை: காவிரியோடு ஒரு நாள் சைக்கிள் பயணம்

திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில், காவிரி இரண்டாகப் பிரியும் முக்கொம்பில் தொடங்கி, ஸ்ரீரங்கம், கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு வழியாகத் தஞ்சாவூரில் முடியும் இந்தப் பாதை ஏறக்குறைய 90 கிலோமீட்டர் இருக்கும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் 25, 30 கிலோமீட்டர் மிதித்துப் பழகியவர் இதை ஒரே நாளில் முடித்துவிடலாம். பாலங்களின் ஏற்றத்தை விட்டால் மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஆளைக் கவிழ்ப்பது வெயில்தான். ஆகவே தூரத்தைக் கணக்கிட்டு நாளைப் பிரிக்காமல், வெயிலைக் கணக்கிட்டுப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

காலம் தேர்வதில் இரண்டு செய்திகளைப் பார்க்க வேண்டும். மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். நீர் இருப்பைப் பொறுத்துத் தேதி முன்பின் ஆவதுண்டு. திறந்த தண்ணீர் கல்லணையைக் கடந்த பிறகு போனால்தான் ஆறு ஆறாக இருக்கும். கோடையில் போனால் மணலைப் பார்த்துக்கொண்டே மிதிக்க நேரும். இரண்டாவது காற்று. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று கிழக்கு நோக்கிப் போகிறவரை முதுகில் கைவைத்துத் தள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றும் மழையும் எதிரே நிற்கும். எனவே ஆடியில், ஆற்றின் போக்கிலேயே, மேற்கிலிருந்து கிழக்காகப் போவது நல்லது. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று மட்டும் வேண்டாம். முக்கொம்பு, ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறை, கல்லணை மூன்றிலும் அன்று சைக்கிளை உருட்டக்கூட இடமிருக்காது.

கியர் சைக்கிள் இருந்தால் வசதி; நல்ல நிலையிலுள்ள சாதாரண சைக்கிளும் போதும். சீட்டின் உயரத்தை மட்டும் முதல் நாளே சரிபார்க்க வேண்டும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக நிற்க வேண்டும். மடங்கினால் அறுபதாவது கிலோமீட்டரில் முட்டி பேசத் தொடங்கிவிடும். டயரில் காற்று எவ்வளவு என்பது அதன் பக்கவாட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். இரண்டு மாற்று டியூப், கைப்பம்ப், டயர் கழற்றும் நெம்புகோல், பஞ்சர் ஒட்டும் சாமான், முன்னும் பின்னும் விளக்கு ஆகியவை கட்டாயம். பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் கட்டுங்கள்.

இரண்டு டியூப் என்று நான் சொல்வதற்குக் காரணம் சீமைக்கருவேல முள். கல்லணைக்கு முன்னால் ஒருமுறை பின்சக்கரம் பஞ்சராகி, டியூபை மாற்றி, ஒரு கிலோமீட்டர்கூடப் போவதற்குள் மறுபடியும் காற்று இறங்கிவிட்டது. முள்ளின் முனை டயருக்குள்ளேயே ஒடிந்து நின்றதை நான் பார்க்கவில்லை. டியூபை மாற்றுவதற்கு முன் டயரின் உட்புறத்தில் ஒரு துணித்துண்டை வைத்து ஒரு சுற்று மெல்ல இழுத்துவாருங்கள். முள் இருக்கும் இடத்தில் துணி மாட்டிக்கொள்ளும். விரலால் தேடினால் முள் விரலில் ஏறும். கிடைத்த முள்ளை வெளிப்பக்கமாகத் தள்ளி எடுத்த பிறகே புது டியூபைப் போட வேண்டும்.

விடியற்காலை ஐந்தரைக்குள் முக்கொம்பிலிருந்து கிளம்பிவிடுங்கள். கரூர்ச் சாலையில் பேருந்துகள் வேகமாக வரும். அதிகாலையில் அந்தத் தொல்லை குறைவு. ஆறு இடப்பக்கம் கூடவே வந்தாலும், பல இடங்களில் வாழைத்தோப்பு மறைத்துவிடும். முக்கொம்பிலுள்ள மேலணை 1830-களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டப்பட்டது. அங்கே பிரியும் மற்றொரு கிளையான கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது என்பதால் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே ஓடி, காவிரி வறண்டுபோவதைத் தடுக்கவே அந்த அணை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் கொள்ளிடப் பக்க மதகுகள் சில அடித்துச் செல்லப்பட்டன.

காவிரிப் பாலம் ஏறி ஸ்ரீரங்கம் தீவுக்குள் நுழைந்து, திருவானைக்கோவிலிலிருந்து கல்லணைச் சாலையைப் பிடிக்க வேண்டும். உத்தமர்சீலி வழியாகப் போகும் இந்தப் பகுதிதான் நாளின் மிக அழகான பகுதி என்பது என் கருத்து. இப்போது ஆறு வலப்பக்கம் வந்துவிடும். எதிர்வெயில் கண்ணில் அடிக்கும் என்பதால் முன்விளிம்புள்ள தொப்பியோ கறுப்புக் கண்ணாடியோ அணிந்துகொள்ளுங்கள். ஆற்றில் வெள்ளம் அதிகமாக இருந்தால் உத்தமர்சீலி தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறிவிடும். அப்படிப்பட்ட நாளில் தென்கரை வழியாகக் கல்லணைக்குப் போவதே பாதுகாப்பு. தரைப்பாலத்தில் முழங்காலளவுத் தண்ணீர்தானே என்று சைக்கிளை இறக்கவே கூடாது.

எட்டரை மணியளவில் கல்லணைக்கு வந்துவிட்டால் கணக்குச் சரி. இங்கே அரை மணி நேரம் தாராளமாகச் செலவிடலாம். கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் பழைய அணையின் மேலேதான் பாலம் போகிறது. காவிரி, வெண்ணாறு, 1934-இல் வந்த புது ஆறு எனப்படும் கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரிந்து போவதை ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். குளிக்க மட்டும் இறங்க வேண்டாம். மதகுக்குக் கீழே இழுப்பு அதிகம். மற்ற இடங்களிலும் மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்பது மேலிருந்து தெரியாது.

கோவிலடி வழியாகத் திருக்காட்டுப்பள்ளியைப் பத்தரை, பதினொன்றுக்குள் அடைந்துவிட வேண்டும். அங்கே சாப்பிட்டு, மூன்று மணிவரை நிழலில் படுத்துக்கொள்ளுங்கள். இந்த நான்கு மணி நேர ஓய்வை வீண் என்று நினைத்து உச்சிவெயிலில் மிதித்தவர்கள் திருவையாற்றில் தலைச்சுற்றலோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கால்மணிக்கு ஒருமுறை நாலு மிடறு குடியுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. உப்புப் போட்ட மோரும் இளநீரும் மாறி மாறிக் குடிப்பது நல்லது. மதியம் தயிர்சாதம் போதும். பிரியாணி சாப்பிட்டால் சைக்கிளே ஓடாது.

மாலையில் நடுக்காவேரி வழியாகக் கண்டியூர் போய், இடப்பக்கம் திரும்பினால் திருவையாறு. வெயில் இப்போது முதுகில் இருக்கும், காற்றும் முதுகில். அறுவடைக் காலமானால் சாலையிலேயே நெல்லும் உளுந்துச் செடியும் பரப்பியிருப்பார்கள். அதன்மேல் ஏற்றாதீர்கள், வைக்கோல் பின்சக்கரப் பற்சக்கரத்துக்கும் செயினுக்கும் இடையே சுற்றிக்கொண்டால் ஒவ்வொரு இழையாகப் பிடுங்கி எடுக்க வேண்டிவரும். நெல்லுக்குச் சொந்தக்காரர் சொல்வதையும் கேட்க வேண்டிவரும்.

திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குப் பக்கத்துப் படித்துறையில் கால் நனைத்துவிட்டு, பாசிப்பருப்பில் செய்த அசோகா அல்வாவைச் சுடச்சுடச் சாப்பிடலாம். கடைசி 13 கிலோமீட்டருக்கு அது போதும். தஞ்சாவூர்ச் சாலையில் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என ஐந்து பாலங்கள் வரும். பாலங்களை எண்ணிக்கொண்டே போனால் தூரம் தெரியாது. வடவாறு வந்துவிட்டால் ஊர் வந்துவிட்டது. இருட்டும் முன்பே பின்விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். ரயிலில் திரும்புவதாக இருந்தால் சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்ய வேண்டும். எந்த ரயிலில் ஏற்றுவார்கள் என்பதை முதல் நாளே நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் கேட்டுவைத்துவிட்டு, வண்டி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள்.