டவர் இல்லாத காட்டில் லோரா டிராக்கர்: என் அனுபவம்

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மொபைல் சிக்னலை நம்ப முடியாது. அதனால் இஎஸ்பி32 போர்டு (சிறு கணினி போன்றது), லோரா சிப் (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் சிறு செய்தி அனுப்பும் ரேடியோ), ஜிபிஎஸ் மாட்யூல் மூன்றையும் ஒரு 18650 ரீசார்ஜ் பேட்டரியோடு சேர்த்து, நடப்பவர் இருக்கும் இடத்தைத் திரையில் காட்டும் டிராக்கர் செய்தேன். லோராவுக்கான 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இந்தியாவில் லைசென்ஸ் தேவையில்லை.

ஆனால் அடுத்த தெருவைத் தாண்டியதுமே தொடர்பு அறுந்தது. செட்டோடு வந்த ஆன்டெனா 433 மெகாஹெர்ட்ஸுக்கானது! அதைக் கழற்றிவிட்டு, அலைநீளத்தில் கால் பங்காக 8.6 செ.மீ. செம்புக் கம்பியை நிமிர்த்தி சால்டர் செய்தேன். (ஆன்டெனா இல்லாமல் ஒருபோதும் ஆன் செய்யாதீர்கள், டிரான்ஸ்மிட்டர் கெட்டுவிடலாம்.)

ஸ்ப்ரெடிங் ஃபேக்டரை (ஏற்ற ஏற்ற செய்தி மெதுவாக, ஆனால் அதிக தூரம் போகும்) 7-லிருந்து 12-க்கு ஏற்றினேன். ஒரு செய்தி போக ஒரு விநாடிக்கு மேல் ஆகிறது; நடப்பவரின் இடத்தைச் சொல்ல அது தாராளம். தடையில்லாத மேட்டில் நின்றால் சில கிலோமீட்டர் தள்ளியும் டிராக்கரோடு நடக்கும் என் அண்ணனின் புள்ளி திரையில் நகர்கிறது. பாறைக்குப் பின்னால் போனால் மறைகிறது. அதற்கு உயரமான இடத்தில், சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ஒரு ரிப்பீட்டர் வைக்க வேண்டும்.